எழுபத்தொரு டிகிரி

ஏப்ரல் 28, திங்கள்

நாளை எம்.எஸ்ஸி. இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வு. பத்தொன்பது வருடமாக நான்தான் நடத்துகிறேன். எங்கள் பல்கலைக்கழகத்துக்கு எழுநூறு ஏக்கர், பதினோரு கல்லூரிகள், இரண்டு தபால் நிலையங்கள். இத்தனை இருந்தும், தேர்வு சொன்ன நேரத்துக்குத் தொடங்கிச் சொன்ன நேரத்துக்கு முடிவது அறிவியல் கல்லூரியின் வேதியியல் துறையில் மட்டும்தான். அதற்குக் காரணம் யார் என்று துறையில் யாரைக் கேட்டாலும் பூங்கோதை மேடம் என்பார்கள். இது தற்பெருமை இல்லை, தகவல்.

மதியம் முழுவதும் பதவி உயர்வுக் கோப்போடு மல்லுக்கட்டினேன். மே 21 நேர்காணல். நான்கு வருடத்துக்கு முன்பே இணைப் பேராசிரியர் ஆகியிருக்க வேண்டியவள் நான். ஒவ்வொரு காகிதத்துக்கும் மூன்று பிரதி கேட்கிறார்கள். நடுவில் ஆய்வக உதவியாளர் சூசை அண்ணாச்சி இரண்டு முறை வந்து நின்றார். டிஸ்டில்டு வாட்டர் இறக்கும் கருவி வெள்ளிக்கிழமையே எரிந்துவிட்டதாம், கேன் காலியாம், தண்ணீருக்கு என்ன செய்ய என்று கேட்டார்.

"நெரப்பி வைங்க அண்ணாச்சி. எல்லாத்தையும் என்கிட்டயே கேக்கணுமா?" என்றேன். சாயங்காலம் பார்த்தால் கேன் நிறைந்திருந்தது. சொன்னதைச் செய்யும் மனிதர்.

இட்லி அரிசி ஐந்து கிலோ வாங்கினேன். உளுந்து மறந்துவிட்டது.

ஏப்ரல் 29, செவ்வாய்

தேர்வு ஒன்பதரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடிந்தது. பதினான்கு பேர். ஃபீனாலும் தண்ணீரும் சோதனை. என் செல்லச் சோதனை. இரண்டும் சாதாரணமாகச் சேராது, பால் போலக் கலங்கி நிற்கும். சூடாக்கிக்கொண்டே போனால் ஒரு வெப்பநிலையில் சட்டென்று தெளிந்துவிடும். இரண்டையும் வெவ்வேறு விகிதத்தில் எடுத்து, ஒவ்வொன்றும் தெளியும் வெப்பநிலையைக் குறித்து, கிராஃப் வரைந்தால் ஒரு மலை வரும். மலை உச்சிதான் விடை. புத்தகத்தில் அறுபத்தாறு டிகிரி. அறுபத்தேழு வந்தாலும் முழு மதிப்பெண் போடுவேன்.

பதின்மூன்று பேருக்கும் அறுபத்தாறுக்கும் அறுபத்தேழுக்கும் நடுவில்தான் வந்தது. எல்லா மலையும் வழுவழுவென்று அழகு. வெளியூரிலிருந்து வந்திருந்த வெளித் தேர்வாளர், "ஒங்க டிபார்ட்மென்ட் பிள்ளைங்க கைய கண்ல ஒத்திக்கணும் மேடம்" என்றார். நான் மறுக்கவில்லை.

பதினான்காவது இசக்கியம்மாள். கெட்டிக்காரிதான், பேச்சு குறைவு, விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் பி.எச்.டி. இடம் கிடைத்திருக்கிறது. எங்கள் துறையில் ஆறு வருடத்துக்குப் பிறகு ஒருவருக்குக் கிடைத்த இடம். ஜூன் 15-க்குள் எல்லாத் தாளிலும் தேர்ச்சி பெற்ற சான்றிதழோடு சேர வேண்டும். அப்படிப்பட்டவள் எழுபத்தொன்று என்று எழுதிக்கொண்டு வந்து நிற்கிறாள்.

"எத்தன தடவ செஞ்ச?"

"மூணு தடவ மேடம்."

"அறுபத்தேழுன்னு வந்திருக்கும். நல்லாப் பாரு."

எவ்வளவு எட்டிக் கை கொடுத்தேன், அவள் பிடிக்கவில்லை.

"இல்ல மேடம். எழுபத்தொண்ணுதான் வருது."

"புஸ்தகத்துல என்ன போட்டிருக்குன்னு தெரியும்லா?"

"தெரியும் மேடம். ஆனா வரமாட்டேங்குது."

கிராஃப் வேறு கோணல்மாணல். அளவுக்கு உள்ள இருபத்தைந்து மதிப்பெண்ணில் பூஜ்யம். விதி விதிதான், மூன்று டிகிரிக்கு மேல் போனால் பூஜ்யம். மொத்தம் அறுபதுக்கு இருபத்தாறு. முப்பது எடுத்தால்தான் தேர்ச்சி. பிடிவாதம் பிடித்தால் இப்படித்தான்.

ஏப்ரல் 30, புதன்

மதிப்பெண் பட்டியலில் நானும் வெளித் தேர்வாளரும் கையெழுத்திட்டு, அரக்கு முத்திரை வைத்துத் தேர்வு அலுவலகத்துக்கு அனுப்பியாயிற்று. உளுந்து வாங்கினேன்.

மே 2, வெள்ளி

அண்ணாச்சி கழுவிக் கவிழ்த்த கண்ணாடிச் சாமான்களை எண்ணி அலமாரியில் வைக்கப் போனேன். எல்லாவற்றின் உள்ளேயும் வெள்ளையாகத் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. எங்கள் வீட்டு வாளியில் படிவதுபோல. ஊர் கடலுக்குப் பக்கம், போர் குழாய்த் தண்ணீர் ஒரே உப்பு, வாயில் வைக்க முடியாது. ஆனால் ஆய்வகக் குடுவையைக் கடைசியாக டிஸ்டில்டு வாட்டரில் அலசுவோம், ஆகவே திட்டு வரக்கூடாது.

கேனிலிருந்து கொஞ்சம் பிடித்து வெள்ளி நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டேன். உப்பு இருந்தால் வெளுக்கும், பி.எஸ்ஸி. முதலாண்டுப் பிள்ளைக்கும் தெரியும். தயிர் மாதிரி திரண்டது.

யாரோ கேனில் போர் தண்ணீரை நிரப்பியிருக்கிறார்கள். இந்தத் துறையில் யாருக்கும் பொறுப்பு கிடையாது.

மே 3, சனி

விடுமுறை. இருந்தாலும் போனேன். அண்ணாச்சியிடம் சாவி வாங்கி, அதே கேன் தண்ணீர், அதே ஃபீனால், அதே தெர்மாமீட்டர். நானே செய்தேன்.

எழுபத்தொன்று.

தெர்மாமீட்டரை மாற்றிப் பார்த்தேன். எழுபத்தொன்று.

தண்ணீரில் உப்பு இருந்தால் உச்சி ஏறும். இதை வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள் நான்.

மே 4, ஞாயிறு

இன்று எழுத ஒன்றும் இல்லை. மாவு அரைத்தேன். புளித்துவிட்டது.

மே 5, திங்கள்

நேற்று எழுதாததை இன்று எழுதுகிறேன். இசக்கியம்மாளின் அளவு சரி. அதோடு நிற்கவில்லை. அந்தத் தண்ணீரில் அறுபத்தாறு வரவே வராது. அப்படியானால் பதின்மூன்று பேருக்கு எப்படி வந்தது?

எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். முதலில் கிராஃப், பிறகு ரீடிங். மூத்த மாணவர்களின் ரெக்கார்டு நோட்டிலிருந்து மலையை வரைந்துகொண்டு, மலையிலிருந்து அளவுகளை இறக்கி எழுதுவார்கள். அடுப்பு ஒரு பக்கம் சும்மா எரிந்துகொண்டிருக்கும். நான் கண்டுகொள்வதில்லை. அளவு வராமல் போனால் தேர்வு இரண்டரைக்குத்தான் முடியும். 1999-இல் நானும் அப்படித்தான் வரைந்தேன், இதே ஆய்வகத்தில், ஜன்னலோர மேசையில். தங்கப் பதக்கம் வாங்கினேன்.

துறைத் தலைவர் ஞானதுரை சாரிடம் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"அந்தப் பொண்ணுக்கு நாலு மார்க்குதான வேணும்? கூட்டல்ல தப்புன்னு ஒரு லெட்டர் குடுங்க. நானும் கையெழுத்துப் போடுதேன். வருசா வருசம் நடக்கதுதான். பிள்ள பெங்களூர் போயிரும்."

"தண்ணி?"

"கேனக் கொட்டிக் கழுவச் சொல்லுங்க. ஒங்களுக்கு இன்டர்வியூ பதினாறு நாள்ல இருக்கு மேடம். இப்பப் போயி எந்தப் புத்துலயும் கைய விடாதீங்க."

மனிதர் நல்லவர், என் நன்மைக்குத்தான் சொன்னார். யோசித்துப் பார்த்தால் யாருக்கும் நஷ்டமில்லை. வரும் வழியில் கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன்.

மே 6, செவ்வாய்

கூட்டல் பிழைக் கடிதத்தைத் தட்டச்சு செய்து வைத்துக்கொண்டு இசக்கியம்மாளைக் கூப்பிட்டனுப்பினேன். கண் வீங்கியிருந்தது. மதிப்பெண் வெளியே வரவில்லை, ஆனால் எழுபத்தொன்று எழுதினால் என்ன ஆகும் என்று கணக்குப் போடத் தெரியாதவளா?

"கவலைப்படாத. கூட்டல்ல ஒரு பிசகு. சரி பண்ணிருதேன். பாஸ் ஆயிருவ" என்றேன்.

அவள் முகம் தெளியும் என்று பார்த்தேன், தெளியவில்லை.

"அப்ப எழுபத்தொண்ணு தப்புதானா மேடம்?"

"அதான் பாஸ்னு சொல்லுதேன்லா."

"மார்க்குக்கு ரொம்ப நன்றி மேடம். ஆனா எழுபத்தொண்ணு சரியா தப்பான்னு மட்டும் சொல்லுங்க. தப்புன்னா நான் எங்க விட்டேன்னு தெரியணும். அங்க போயி தெனமும் இதத்தான செய்யணும்? நான் கண்ணால பாத்தது தப்புன்னா, அங்க போயி என்ன மேடம் செய்வேன்?"

பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ பேர் அந்த மேசைக்கு முன்னால் நின்று மதிப்பெண் கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒருத்தி கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இதை வேறு மாதிரி எழுத வழியில்லை.

"ஒன் அளவு சரி. தண்ணியில உப்பு இருந்துச்சு. நானும் செஞ்சு பாத்தேன், எழுபத்தொண்ணுதான்" என்றேன்.

அப்போதுதான் அழுதாள். நன்றாக அழுதாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் பிளாஸ்கிலிருந்த காப்பியை ஊற்றிக் கொடுத்தேன். காப்பியில் சீனி இல்லை, எனக்குச் சர்க்கரை. குடித்துவிட்டு, நல்லா இருக்கு மேடம் என்றாள். பெண் முதல் முறையாகப் பொய் சொன்னாள்.

மே 7, புதன்

கூட்டல் கடிதத்தைக் கிழித்தேன். வேறு எழுதினேன், ஒரு பக்கம். தேர்வுக்குத் தந்த தண்ணீர் உப்புத் தண்ணீர். ஒரு மாணவியின் அளவு மட்டுமே அந்தத் தண்ணீருக்குப் பொருந்துகிறது. மற்ற பதின்மூன்றும் பொருந்தவில்லை. தேர்வை ரத்து செய்து மறுபடி நடத்த வேண்டும். இப்படிக்கு, உள் தேர்வாளர்.

தேர்வு அலுவலகத்துக்கு ஒன்று, டீனுக்கு ஒன்று. ஞானதுரை சார் நகலைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

வீட்டில் இவரிடம் சொன்னேன். இவருக்கு மின்வாரியத்தில் வேலை. "மெயின நீயே ஆஃப் பண்ணிட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சரி, சாப்பிடு" என்றார்.

மே 9, வெள்ளி

செய்தி பரவிவிட்டது. வெளித் தேர்வாளர் போனில், "என்ன மேடம், என் கையெழுத்தும்லா அதுல இருக்கு, ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்றார். நியாயம்தான். ஆனால் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார்.

பதின்மூன்று பேரும் சேர்ந்து வந்தார்கள். "புக் வேல்யூ வந்தா மார்க், வரலன்னா மார்க் கெடையாதுன்னு நீங்கதான மேடம் சொல்லிக் குடுத்தீங்க?" என்று ஒரு பையன் கேட்டுவிட்டான். வாய் நீளம்தான். ஆமாம், நான்தான் என்றேன்.

மே 14, புதன்

டீன் அறையில் விசாரணை. டீன் ரஹ்மத்துன்னிஸா மேடம் இயற்பியல்காரர், ஒரு கேள்விக்கு மேல் இன்னொரு கேள்வி கேட்க மாட்டார், முதல் கேள்வியே போதும். ஞானதுரை சாரும் தேர்வு அலுவலகத்திலிருந்து ஒருவரும் இருந்தார்கள். சூசை அண்ணாச்சியை வாசலில் உட்கார வைத்திருந்தார்கள். சட்டையில் இஸ்திரி மடிப்பு. பதினோரு வருடமாகத் தற்காலிகப் பணியாளர், இந்த வருடம் நிரந்தரப் பட்டியலில் பெயர் இருக்கிறது.

தேர்வு அலுவலகத்துக்காரர் தொடங்கினார். "கேனில் தண்ணீர் நிரப்பியது உதவியாளர்தானே? அவர்மேல் ஒரு குறிப்பு எழுதினால் விஷயம் முடிந்தது."

அறையில் எல்லோருக்கும் அது வசதியாக இருந்தது. ஒரு நிமிடம் எனக்கும்தான்.

"அவர் என்கிட்ட ரெண்டு தடவ வந்து கேட்டாரு மேடம். மிஷின் எரிஞ்சு போச்சு, கேன் காலி, என்ன செய்யன்னு கேட்டாரு. நான் ஏறெடுத்துப் பாக்காம, நெரப்பி வைங்கன்னு சொன்னேன். என் பதவி உயர்வு ஃபைல்ல பின் அடிச்சுக்கிட்டிருந்தேன். தப்பு என்னோடது. அவர் சொன்னதத்தான் செஞ்சாரு."

இரண்டு வாரமாக இந்த நாட்குறிப்பில் 'யாரோ' என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்த யாரோ நான்தான்.

"கடிதத்தில் இது இல்லையே?" என்றார் டீன்.

"இல்ல மேடம். இப்பச் சேத்துக்கோங்க."

சேர்த்துக்கொண்டார். மே 26 மறுதேர்வு, எல்லோருக்கும். இசக்கியம்மாளும் எழுத வேண்டும், ரத்து என்றால் எல்லோருக்கும் ரத்துதான். வெளியே வந்ததும் அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். "சரி மேடம்" என்றாள். இதிலும் பிசகினால் பெங்களூர் அவ்வளவுதான்.

மே 21, புதன்

நேர்காணல். ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் கட்டுரைகளை யாரும் புரட்டவில்லை. கோப்பில் எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கடிதம்.

"உங்க மேல நீங்களே புகார் எழுதியிருக்கீங்க. இதுக்கு என்ன அவசியம்?"

"நான் வேதியியல்காரி சார். தண்ணியில உப்பு இருந்தா இருக்குன்னுதான் சொல்லணும். யார் தண்ணின்னு பாத்துச் சொல்ல முடியாது."

கடைசி நாற்காலியில் இருந்த அம்மா மட்டும் சிரித்தார். நல்ல பதில், எனக்கே பிடித்திருந்தது. நல்ல பதில் சொல்லி வேலை கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. வெளியே வந்து சர்க்கரையோடு ஒரு காப்பி குடித்தேன்.

மே 26, திங்கள்

மறுதேர்வு. டீனிடம் நான் ஒரு யோசனை சொல்லியிருந்தேன். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அளவு உப்பு கலந்த தண்ணீர். வேறொரு கல்லூரியிலிருந்து ஒருவர் வந்து கலந்து, தானே அளந்து பார்த்து, புட்டிக்கு எண் ஒட்டி, விடைகளை உறையில் மூடி முத்திரை வைத்துவிட்டார். பழைய நோட்டு எதிலும் அந்த விடைகள் இல்லை. என்னிடமும் இல்லை.

நான் பதினைந்தாவது புட்டி ஒன்று கேட்டேன். எதற்கு என்றார். எனக்கு என்றேன். மேற்பார்வைக்கு டீன் இரண்டு பேரை அனுப்பியிருந்ததால் ஓரமாக ஒரு மேசையில் நானும் அடுப்பைப் பற்றவைத்தேன். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு வேலையைப் பார்த்தார்கள்.

பதினொரு மணிக்கு அந்த வாய் நீளப் பையன் வந்தான். "மேடம், என்ன வேல்யூ வரணும்?"

"தெரியாது."

"சும்மா சொல்லாதீங்க மேடம்."

"சத்தியமாத் தெரியாதுடா. ஒனக்கு என்ன வருதோ அத எழுது."

அவன் முகத்தில் பயம். எனக்கும் பயம்தான். இத்தனை வருடத்தில் விடை தெரியாமல் ஒரு டியூபைச் சூடாக்கியது இதுதான் முதல் தடவை. கலங்கல் தெளிகிற அந்த நொடி எவ்வளவு சின்னது! கண் இமைத்தால் போயிற்று. இதைத்தான் வருடா வருடம் பிள்ளைகளிடம் 'ரொம்ப ஈஸி' என்று சொல்லிவந்திருக்கிறேன்.

இரண்டே முக்காலுக்கு முடிந்தது. சொன்ன நேரத்தைவிட ஒன்றேகால் மணி நேரம் தாமதம். பதினான்கு மலைகளில் ஒன்றுகூட வழுவழுப்பாக இல்லை.

மே 27, செவ்வாய்

உறையைப் பிரித்தோம். இசக்கியம்மாள் அரை டிகிரிதான் பிசகியிருக்கிறாள். அறுபதுக்கு ஐம்பத்து நான்கு. பெங்களூர் உறுதி.

மூன்று பேர் தேறவில்லை. அதில் இருவர் நல்ல பிள்ளைகள், நோட்டிலிருந்து பார்த்து எழுதப் பழகியவர்கள், பழக்கியவள் நான். துணைத் தேர்வு ஜூலையில். ஜூன் முழுவதும் தினமும் காலை அவர்களோடு ஆய்வகத்தில் இருக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன். வகுப்புச் சராசரி ஐம்பத்தைந்திலிருந்து முப்பத்தெட்டுக்கு இறங்கியிருக்கிறது. ஞானதுரை சார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அளவுகளை எல்லாம் அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். பெயர், புட்டி எண், எழுதிய அளவு, சரியான அளவு. பதினைந்தாவது வரிசையில் என் பெயர். பிழை இரண்டு டிகிரி. இருபத்தைந்துக்குப் பத்து மதிப்பெண்.

ஜூன் 6, வெள்ளி

காலையில் பட்டியல் வந்தது. சூசை அண்ணாச்சியின் பணி நிரந்தரமாகிவிட்டது. இணைப் பேராசிரியர் பட்டியலில் என் பெயர் இல்லை. எனக்கு இரண்டு வருடம் பிந்திச் சேர்ந்தவர் பெயர் இருக்கிறது. வலிக்கிறது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இவருக்குக் கேட்டிருக்கும், கேட்காததுபோல இருந்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். அந்த மூன்று பேர் ஒன்பது மணிக்கு வருவார்கள்.

அவர்கள் போன பிறகு இசக்கியம்மாள் வந்தாள். சான்றிதழ் வாங்கிவிட்டாளாம், சாயங்காலம் ரயில். விடைபெற வந்தவள் அறிவிப்புப் பலகை முன்னால் நின்றுவிட்டாள்.

"மேடம், பதினஞ்சாவது நீங்களா?"

"ஆமா."

"ரெண்டு டிகிரி கூடிப்போச்சே."

"ஆமா."

கொஞ்சம் தயங்கினாள். "தப்பா நெனைக்காதீங்க மேடம். நீங்க அன்னைக்குத் தீய வேகமா ஏத்துனீங்க. நான் பக்கத்து மேசையில இருந்து பாத்தேன். மெதுவா ஏத்துனாத்தான் தெளியறது கண்ணுல சிக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. பிறகு யோசித்துப் பார்த்தேன். ஆமாம், அவசரப்பட்டிருக்கிறேன்.

"ரயில் எத்தன மணிக்கு?"

"அஞ்சரைக்கு மேடம்."

"வா" என்றேன்.

பதினைந்தாம் புட்டியில் பாதி மிச்சமிருந்தது. நான் அடுப்பைப் பற்றவைத்துத் தீயைத் தணித்தேன். தெர்மாமீட்டரை அவளிடம் கொடுத்தேன். இருவரும் குனிந்து, பேசாமல், கண் இமைக்காமல் அந்த டியூபையே பார்த்துக்கொண்டிருந்தோம். கலங்கல் தெளிந்தது. அவள் ஓர் எண்ணைச் சொன்னாள். நான் திருப்பிக் கேட்காமல் அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.